வூட்டு நம்பர்

என் அறைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் தங்கள் போனை மேசைமேல் கவிழ்த்து வைப்பார்கள். போனை நோண்டிப் பார்க்கிற வக்கீல் என்று எனக்குப் பெயர். கவிழ்த்த போனின் முதுகில் உறைக்குள் பெரும்பாலும் ஆதார் நகல் ஒன்று மடித்துச் செருகியிருக்கும். அவர்கள் பிரச்சினையைச் சொல்லத் தொடங்குவதற்குள் எனக்குள் ஒரு பட்டியல் ஓடி முடிந்திருக்கும்: பெயர், பிறந்த தேதி, முகவரி, கைரேகை வைத்த இடங்கள், இந்த நகலின் நகல் இருக்கக்கூடிய ஜெராக்ஸ் கடைகள். எதிரில் இருப்பவர் அழுதுகொண்டிருக்கும்போதும் இந்தப் பட்டியல் நிற்காது.

நான் முதலில் படித்தது கம்ப்யூட்டர் பொறியியல். பெங்களூரில் இரண்டரை வருடம் தரவுப் பாதுகாப்புத் தணிக்கை பார்த்தேன். ஒரு நிறுவனத்துக்குள் போய், எந்தக் கதவு திறந்திருக்கிறது, யாருக்குத் தேவையில்லாத சாவி கையில் இருக்கிறது என்று எழுதிக்கொடுக்கிற வேலை. நாங்கள் 'ஆபத்து: அதிகம்' என்று எழுதுவோம். அறிக்கை திரும்பி வரும்போது அந்த நிறுவனத்தின் வக்கீல் அதை 'நடுத்தரம்' என்று திருத்தியிருப்பார். மூன்றாவது முறை அப்படி நடந்தபோது, திருத்துகிறவருடைய நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்தேன்.

இப்போது தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே என் அறை. காலையில் பெங்களூர், சென்னை நிறுவனங்களுக்குத் தனியுரிமைக் கொள்கையும் ஒப்பந்தமும் எழுதுவேன். 'உங்கள் தகவலின் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்' என்று தொடங்கும், யாரும் படிக்காத அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. மதியத்துக்கு மேல் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். திருடப்பட்ட இன்ஸ்டாகிராம் கணக்கு, ஒட்டு வேலை செய்த படம், கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை போனில் தங்கிவிட்ட படங்கள்.

யாரையும் நம்பாதே என்பது எங்கள் துறையில் ஒரு வடிவமைப்பு முறை. உள்ளே இருப்பவனையும் வெளியே இருப்பவனையும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும். கணினிகளுக்கு அது நல்ல முறை. மனிதர்கள் விஷயத்தில் எப்படி என்பதை ஒரு வழக்கில் பார்த்தேன். வழக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, அது வழக்காகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது. சம்பந்தப்பட்டவர்கள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்லமாட்டேன்.

ஒரு புதன்கிழமை பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். மகளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். லேப் டெக்னீஷியன் படித்தவள். ஆனால் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் பதிவு மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். போன வாரம் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பேசியது அம்மாதான். "ஒருத்தரோட ரிப்போர்ட்டை அவுங்க வூட்டுக்கே அனுப்பிச்சிட்டாளாம். அதுக்குப் போலீசாம். ஏங்க வக்கீலம்மா, ரிப்போர்ட்டை வூட்டுக்கு அனுப்பாம வேற எங்க அனுப்புவாங்க, பஞ்சாயத்து ஆபீசுக்கா?"

"ம்மா, சும்மா இரு" என்றாள் மகள்.

நடந்தது இதுதான். திருமணமாகிச் சில வருடங்களாகக் குழந்தை இல்லாத ஒரு விவசாயி, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தனக்கு ஒரு பரிசோதனை செய்துகொண்டார். குறை அவரிடம் இருப்பதாக ரிப்போர்ட் சொன்னது. அதே நாள் மதியம் அந்த ரிப்போர்ட் அவருடைய வீட்டில் கிடக்கும் பொதுப் போனுக்கும் போய்விட்டது. அண்ணன் மனைவி திறந்து பார்த்து, மாமனாரிடம் காட்டி, பயந்துபோய் வந்த செய்தியை அழித்திருக்கிறார். கோப்பு மட்டும் போனில் தங்கிவிட்டது. எந்த எண்ணிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை வருடம் அந்த வீட்டில் பழி சுமந்தவர் அவருடைய மனைவி. அந்த மனைவியும் இந்தப் பெண்ணும் ஒரே பள்ளியில் முன்னே பின்னே படித்தவர்கள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு தன்னை அவமானப்படுத்திவிட்டதாக அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

லேப் உரிமையாளர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். 'என்னுடைய தவறுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்ற மாதிரி நான்கு வரி. கையெழுத்துப் போட்டுவிட்டால் பேசி முடித்துவிடலாம் என்றாராம்.

"போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க்கா. நாளைக்குப் போடலாம்னு அம்மா சொல்லுது."

"போட்டா முடிஞ்சுதுங்கறாரே" என்றார் அம்மா.

"போட்டாத்தாங்க ஆரம்பிக்கும்" என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெண் அரசு லேப் டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து போலீஸ் சரிபார்ப்பு வர வேண்டிய நேரம். அந்தத் தாளையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிந்துவிட்டால் அந்த வேலை அவ்வளவுதான். வேலையில் தெரிந்துகொண்ட பிறருடைய தகவலை, கெடுதல் செய்யும் நோக்கத்தோடு வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சிறை வரைக்கும் இடமுண்டு. எல்லாம் 'நோக்கம்' என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. பழைய பள்ளித் தோழி என்பது அந்தச் சொல்லுக்கு எவ்வளவு தோதானது என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அவள் போனை நகலெடுக்க அனுமதி கேட்டேன். அதற்கு நானே தயாரித்த இரண்டு பக்க ஒப்புதல் படிவம் ஒன்று உண்டு. என்ன எடுப்பேன், எவ்வளவு நாள் வைத்திருப்பேன், எப்போது அழிப்பேன் என்று வரிசையாக எழுதியிருப்பேன். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். படிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

"போனைக் குடுத்துட்டா திருப்பிக் குடுப்பீங்களா, இல்ல கோர்ட்டுல வெச்சுக்குவாங்களா?" என்றார் அம்மா. "அதுல ரீசார்ஜ் இன்னும் ரெண்டு மாசம் இருக்குது."

"இங்கயேதாங்க இருக்கும். காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள குடுத்துடறேன்."

போனில் அந்த விவசாயியின் ரிப்போர்ட் இல்லை. அவருடைய மனைவியின் எண்ணும் இல்லை. ஆனால் அந்த நாள் மதியம் பன்னிரண்டே காலுக்கு, ஒற்றை எழுத்தில் பதிந்து வைத்திருந்த ஓர் எண்ணுக்கு ஏதோ அனுப்பி, ஐந்து நிமிடத்தில் அழித்திருந்தாள். ரிப்போர்ட் அந்த வீட்டுக்குப் போனதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

"இது என்ன?"

அவள் திரையைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். "அது வேறங்க்கா."

"வேறன்னா?"

"வேற."

"யாருடி அது ஒத்தை எழுத்துல?" என்றார் அம்மா. மகள் கவிழ்ந்த தலையை நிமிர்த்தவில்லை. அவர்கள் போன பிறகு நோட்டில் எழுதினேன். ஒன்று: வாய்ப்பு இருந்தது. இரண்டு: தோழமை இருந்தது. மூன்று: நேரம் பொருந்துகிறது. நான்கு: மறைக்கிறாள். நான்காவதை அடிக்கோடிட்டேன். என் கட்சிக்காரருக்கு எதிராக இவ்வளவு நேர்த்தியான பட்டியலை எதிர்த்தரப்பு வக்கீல்கூடத் தயாரித்திருக்க மாட்டார்.

மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த லேபுக்குப் போனேன். தெருவோரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரே கூடம். ஒரு பெஞ்சு, பதிவு மேசை, திரைச்சீலைக்குப் பின்னால் ரத்தம் எடுக்கிற இடம். உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர். காவல் நிலையத்திலிருந்து பதிவுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் என்னை உள்ளே விட்டார். அதோடு, கணினி அந்தப் பெண்ணுக்கு எதிராகத்தான் பேசும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது.

"பெங்களூர்ல இருந்தீங்களாமே மேடம். அங்க பெரிய பெரிய கம்பெனிய எல்லாம் மூட வெச்சுட்டு இங்க வந்துட்டீங்களா?"

"ஒண்ணையும் மூடல சார். மூட வேண்டிய கதவைத்தான் மூடச் சொல்லுவோம்."

கணினித் திரையின் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். லேபின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி மேடம்."

அந்தக் குடும்பத்திலிருந்துதான் போன வாரம் ஒருத்தியை அனுப்பியிருந்தார். அவர் பெயரையும் என் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். பொதுவான பாஸ்வேர்டு என்றால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அனுப்பியிருக்கலாம், பழி மேசையில் இருந்தவள்மேல் விழும். சாஃப்ட்வேர் விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்து, அது தனக்குத்தானே எழுதி வைக்கும் குறிப்புகளை எங்கே பார்ப்பது என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது.

ரிப்போர்ட்டை எந்த மனிதரும் அனுப்பவில்லை. சாஃப்ட்வேரே, ரிப்போர்ட் தயாரான அதே நொடியில், இரண்டு எண்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறது. ஒன்று அவருடைய எண். இன்னொன்று வீட்டுப் பொதுப் போனின் எண். இரண்டாவது எண்ணைப் பிறகு யாரும் நுழைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு அவர் வந்து பதிவு செய்தபோதே, முதல் எண்ணோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மேசையில் இருந்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் உரிமையாளர். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, நிம்மதி இருந்தது.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன். "அவருக்கு இரண்டாவது நம்பர் ஒண்ணு போட்டிருக்கு. யார் போட்டது?"

"ரெண்டாவது நம்பரா? இல்லீங்க்கா. ஒரு நம்பர்தான் வாங்கினன்."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு."

"சத்தியமா ஒண்ணுதாங்க்கா. எங்கம்மா மேல சத்தியம்."

போனை வைத்துவிட்டேன். சத்தியம் செய்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கையில் குறிப்பு இருக்கிறது, கட்சிக்காரர் பொய் சொல்கிறார், விசாரணைக்கு நான்கு நாள் இருக்கிறது. வழக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். குறிப்புகளின் அச்சுப் பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தேன். பிரிண்டரில் மை தீர்ந்து, வாங்கி வர ஆள் போயிருந்தார். அதனால்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு எந்தத் திட்டமும் இல்லை.

பதிவு மேசைக்கு இப்போது லேபிலேயே இருந்த வேறொரு பெண்ணை மாற்றியிருந்தார்கள். சர்க்கரை பார்க்க வந்த ஓர் அம்மா முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பேரு சொல்லுங்க."

சொன்னார்.

"வயசு?"

"அறுவது போட்டுக்க."

"போன் நம்பர்?"

ரவிக்கைக்குள்ளிருந்து சின்ன பர்ஸை எடுத்து, அதிலிருந்த துண்டுத் தாளைப் பார்த்துச் சொன்னார். மகனுடைய எண்ணாம்.

"எந்த ஊருங்க?"

ஊரைச் சொன்னார்.

"வூட்டு நம்பர்?"

அந்த அம்மா கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏங்க! வூட்டு நம்பர் என்னாங்க?"

வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்த கணவர் பத்து இலக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தார். கடைசி இரண்டை மறுபடியும் சொல்லி, "சாயங்காலம்தான் எடுப்பாங்க, பகல்ல எல்லாரும் காட்டு வேலையில இருப்பம்" என்றார்.

மேசைப் பெண் ஒரு நொடிகூடத் தயங்காமல் தட்டச்சு செய்தாள்.

நான் எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போனேன். திரையில் முகவரிக் கட்டங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கதவு எண்ணுக்கு ஒரு கட்டம். அது காலியாக இருந்தது. அதற்குக் கீழே 'மாற்று எண்' என்ற கட்டம். அதில் பத்து இலக்கம்.

"கதவு நம்பர்தானே கேட்டே? ஏன் இதுல போட்டே?"

"அவுங்க போன் நம்பர் சொல்றாங்களே மேடம். மேல இருக்கற கட்டத்துல ஆறு எழுத்துக்கு மேல ஏறாது. அதான் கீழ போடறது. முன்ன இருந்த அக்கா இப்படித்தான் காட்டிக் குடுத்தாங்க."

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கதவு எண்ணை யாரும் சொல்லிப் பழகியதில்லை. ரேஷன் அட்டையில் இருக்கும், வரி ரசீதில் இருக்கும், வாயில் வராது. ஊர் பெயரும் தகப்பன் பெயரும் சொன்னால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஆனால் வீட்டில் ஒரு பொதுப் போன் உண்டு. அலமாரியிலோ சாமி மாடத்திலோ கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். வூட்டு நம்பர் என்றால் அதுதான்.

மாற்று எண் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. 'இந்த எண்ணுக்கும் ரிப்போர்ட் அனுப்பு.' யாரும் தொடாமலே அதில் ஒரு டிக் இருந்தது. சாஃப்ட்வேர் வாங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கும்.

பழைய பதிவுகளைக் கீழே நகர்த்தச் சொன்னேன். பாப்பிரெட்டிப்பட்டிக்குள் இருப்பவர்களுக்குக் கதவு எண் இருந்தது. சுற்றுப்புற ஊர்க்காரர்களுக்குக் கதவு எண் காலி, மாற்று எண் நிறைந்திருந்தது. எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம், காசநோய், எல்லாம் வீட்டுக்கு வீடு அலமாரியில் கிடக்கிற போன்களுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. புகார் கொடுக்க வந்தவர் ஒருவர்தான்.

உரிமையாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த டிக்கை எடுத்துடலாமா மேடம்?" என்றார் மெதுவாக.

"எடுக்கணும். ஆனா விசாரணை முடியற வரைக்கும் தொடாதீங்க. அதுவரைக்கும் அந்தக் கட்டத்துல எந்த நம்பரும் போடக் கூடாது. இப்ப இருக்கறதை இப்படியே படம் எடுத்துக்கறேன்."

"நீங்க எங்களுக்கு வக்கீலா, அந்தப் பொண்ணுக்கு வக்கீலா?"

"அவளுக்குத்தாங்க."

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சித்தேரி மலைக்குக் கீழே மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மகள் மட்டும் இருந்தாள். கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"அவர்கிட்ட வூட்டு நம்பர் கேட்டியா?"

"கேட்டனே. எல்லார்கிட்டயும் கேக்கறதுதானே."

"சொன்னாரா?"

"சொன்னாரு. போட்டன்."

"அதைத்தானே நான் காலையில கேட்டேன். இரண்டாவது நம்பர் போட்டியான்னு!"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அது ரெண்டாவது நம்பர் இல்லீங்க்கா. வூட்டு நம்பர்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவள்மேல் இல்லை. தணிக்கை வேலையில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்ததை மறந்திருந்தேன்: கேள்வியில் உன் சொல்லைப் போடாதே, அவர்கள் மேசையில் என்ன சொல் புழங்குகிறதோ அதைப் போடு. அவள் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட பொருளுக்கு அவளிடம் அந்தப் பெயரே இல்லை.

"அப்ப தப்பு என் மேலயா, இல்லையா?" என்றாள்.

"தப்பு உன் மேலயும் இருக்குது. சாஃப்ட்வேர் மேல இருக்குது, உங்க முதலாளி மேல இருக்குது. குற்றம் யார் மேலயும் இல்ல."

 அவள் தானே போனை எடுத்து, அந்த ஒற்றை எழுத்து எண்ணுக்கு ஏதோ எழுதினாள். ஒரு படம் திரும்பி வந்தது. என்னிடம் நீட்டினாள். ஒரு ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட். மேலே அவளுடைய பெயர். அளவு அவள் வயதுக்கு இருக்கக் கூடாத அளவு.

"என்னோட ரத்தத்தை நானே எடுத்து மெஷின்ல போட்டேன். சாருக்குத் தெரியாது. இது சேலத்துல இருக்கற எங்கூடப் படிச்ச பொண்ணு. அவகிட்ட காட்டிட்டு அழிச்சேன். அம்மா என் போனை எடுத்துப் பாக்கும்." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நீங்க எங்கம்மா எதிர்லயே கேட்டுட்டீங்க. மூணு நாளா அம்மா எவன்டி அவன்னு உசிரை வாங்குது."

புதன்கிழமைதான் கேட்டிருந்தேன், அன்று வியாழன். அவளுக்கு அது மூன்று நாளாக இருந்திருக்கிறது.  ஒருவருடைய ரிப்போர்ட் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்ற வழக்கில், என் கட்சிக்காரரின் ரிப்போர்ட்டை வீட்டுக்குத் தெரியவைக்கப் பார்த்தவள் நான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க்கா" என்றாள், பரவாயில்லை என்ற அர்த்தத்தில் அல்ல. அறைக்குத் திரும்பியதும் அவள் போன் நகலை அழித்தேன். நோட்டில் இருந்த நான்காவது வரியையும் அடித்தேன்.

திங்கட்கிழமை காவல் நிலையத்தில் எல்லோரும் இருந்தோம். புகார் கொடுத்தவர் வெள்ளைச் சட்டையில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். லேப் உரிமையாளர் மன்னிப்புக் கடிதத்தை இன்னும் சட்டைப் பையில் வைத்திருந்தார். தாளின் முனை வெளியே தெரிந்தது. நான் குறிப்புகளின் அச்சுப் பிரதியையும் திரையின் படங்களையும் வரிசை எண் போட்டு எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு, "நீங்களே ரெண்டு நம்பர் குடுத்திருக்கீங்கன்னு இதுல இருக்குதே" என்றார்.

"நான் குடுக்கலீங்க" என்றார் புகார் கொடுத்தவர். "இந்த விஷயத்துக்குப் போய் எவனாவது ரெண்டு நம்பர் குடுப்பானா? அந்தப் பொண்ணு என் வூட்டுக்காரிகிட்ட வாங்கிப் போட்டிருக்கும்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, புகார் கொடுத்தவர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, பதிவு பண்ணும்போது வூட்டு நம்பர் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"வூட்டு நம்பர் கேட்டா வூட்டு நம்பரைத்தானே சொல்லுவாங்க" என்று தொடங்கியவர், பாதியிலேயே நின்றுவிட்டார்.

  அந்தப் பெண்ணின் அம்மா முன்னால் வந்தார். "நாங்ககூட அதையேதாங்க சொல்லுவோம். எங்க வூட்டுக் கதவுல நம்பர் இருக்குதா, யாருக்குத் தெரியும்? போன பொங்கலுக்கு வெள்ளை அடிச்சதுல அதும் போச்சு."

ஏட்டு சிரித்துவிட்டார். புகார் கொடுத்தவர் சிரிக்கவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எந்தச் சட்டப் பிரிவைக் கொண்டுவந்தாலும் அந்த வீட்டில் தெரிந்துபோனது தெரியாததாகாது. லேப் மீது நடவடிக்கை எடுக்க அவருக்கு வழி இருக்கிறது என்று சொன்னேன். உரிமையாளர் தரையைப் பார்த்தார். புகார் கொடுத்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், கடைசிவரை சொல்லவில்லை.

'தவறான புரிதலால் கொடுத்த புகார், மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை முடிந்ததற்கு ஒரு தாள் வாங்கிக்கொண்டோம். வாசலில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, நீங்க சொல்றதெல்லாம் சரி. நான்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா அந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு என் வூட்டுக்காரி அழல. சிரிச்சா. அது எதுக்கு?"

"அதை அவுங்களைத்தாங்க கேக்கணும்."

"கேட்டா இன்னும் சிரிக்கறா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கேள்வி என்னோடு கொஞ்ச நாள் இருந்தது. அதோடு என் கேள்வி ஒன்றும். அன்று காலை எட்டு மணிக்கு அவர் பத்து இலக்கத்தைச் சொன்னபோது, அந்தப் போன் எந்த வீட்டு அலமாரியில் கிடக்கிறது, அதை யார் எடுப்பார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமா? பள்ளித் தோழியின் வீடு அது. எல்லோருக்கும் போடுவதைப் போலத்தான் போட்டாள், பதிவுகள் அதைக் காட்டுகின்றன. ஒருவேளை எல்லோருக்கும் போடாமல் இருந்தாலும் இவருக்குப் போட்டிருப்பாளோ? எந்தக் குறிப்பிலும் இதற்குப் பதில் கிடையாது. கேட்க எனக்கு உரிமையும் கிடையாது. நான் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்துப் போன் செய்தாள். போலீஸ் சரிபார்ப்புப் படிவம் வந்திருந்தது.

"அக்கா, இதுல 'காவல் நிலையத்தில் தங்கள் மீது புகார் அல்லது வழக்கு உண்டா'ன்னு கேட்டிருக்காங்க. உண்டான்னா இப்ப இருக்குதான்னு அர்த்தமா, எப்பவாவது இருந்துச்சான்னு அர்த்தமா?"

"ரெண்டுமா எடுத்துக்க. புகார் வந்தது, விசாரிச்சு முடிச்சுட்டாங்கன்னு எழுது. அந்தத் தாளோட நகலை வை."

"இல்லைன்னு எழுதினா?"

"இல்லைன்னு எழுதி, பின்னாடி இருந்ததுன்னு தெரிஞ்சா, மறைச்சதுக்காக வேலை போயிடும்."

"எழுதினா சந்தேகப்பட மாட்டாங்களா?"

"படுவாங்க. பட்டுட்டு, தாளைப் பார்ப்பாங்க."

 பேனா உரசும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. எழுதிவிட்டதாகச் சொன்னாள். அதன்பிறகு ஒன்றரை மாதம் எந்தச் செய்தியும் இல்லை. நான்கூட இரண்டு முறை கேட்டுவிடலாமா என்று எண்ணை எடுத்துவிட்டு வைத்தேன்.

பணி ஆணை வந்த அன்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். அந்த ஆணையில் அவளுடைய பெயர், பிறந்த தேதி, பதிவு எண், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாளைக் கத்தரித்து அளவாக வைத்து மூடிவிட்டுப் படம் எடுத்திருந்தாள். 'லேப் டெக்னீஷியன்' என்ற சொல்லும் அதிகாரியின் முத்திரையும் மட்டும் தெரிந்தன. எந்த மருத்துவமனை என்ற இடத்திலும் ஒரு துண்டு இருந்தது.

வாழ்த்து எழுதிவிட்டு, எந்த ஊரில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நேர்ல சொல்றங்க்கா" என்று பதில் வந்தது.